சீட் உறுதியான பிறகு சொல்லுங்கள்

மேலகரம், தென்காசி
15 ஜூலை 2024, திங்கள்

இசக்கிமணி அவர்களுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் சத்தம் கூடிவிடுகிறது. அபர்ணா அடுத்த அறையிலிருந்து கேட்கிறாள். அதனால் உங்கள் நம்பரை நேற்று பிளாக் செய்துவிட்டேன். இனி எதுவானாலும் இமெயிலில் எழுதுங்கள். நானும் எழுதுகிறேன். எழுதும்போது கொஞ்சம் யோசிக்க நேரம் கிடைக்கிறது.

சனிக்கிழமை இங்கே நடந்ததைச் சொல்கிறேன். திட்டுவதற்காக இல்லை. நீங்கள் ஷார்ஜாவில் கவுண்டர் முன்னால் நின்றீர்கள், இங்கே வீட்டுக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

ஆறு மணிக்கே எழுந்து தலைக்குக் குளித்தாள். ஆய்க்குடியில் உங்கள் அக்கா வீட்டில் நான்கு நாள் இருக்க வேண்டுமென்று முந்தின நாளே பையை அடுக்கி வைத்திருந்தாள். விடியற்காலையில் இறங்கும் விமானம் கிடைத்தால் பதினோரு மணிக்குள் வந்துவிடுவேன் என்று நீங்கள்தான் அவளிடம் சொல்லியிருந்தீர்கள். பத்தரைக்கு, "அப்பா செங்கோட்டை தாண்டியிருப்பாவளாம்மா?" என்றாள். பதினொன்றரைக்கு, "ஆரியங்காவுல லாரி வரிசையா நிக்கும்லா, அதான் லேட்டு" என்று அவளே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன். "அப்பா வந்ததும் ஒண்ணா சாப்பிடுதேன்" என்றாள். ஒன்று இருபதுக்கு உங்கள் மெசேஜ் வந்தது. சீட் கிடைக்கவில்லை, ஸாரி என்று மூன்று வார்த்தை.

அவளிடம் வாசித்துக் காட்டினேன். சரி என்று எழுந்து போனாள். பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து பீரோவில் வைத்தாள்.

ஜனவரியில் வந்தீர்கள். அதற்குப் பிறகு ஏப்ரல், மே, இப்போது ஜூலை, மூன்று தடவையும் வரவில்லை. வருடத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு நாள் என்று விவாகரத்தின்போது கோர்ட்டில் எழுதிக் கொடுத்தது நீங்கள். நான் கேட்கவில்லை.

இனிமேல் ஸ்டாண்ட்பையில் வருகிறேன் என்று அவளிடம் தேதி சொல்லாதீர்கள். டிக்கெட் எடுத்து, சீட் உறுதியான பிறகு சொல்லுங்கள். அதுவரை எதுவும் சொல்ல வேண்டாம்.

முத்துச்செல்வி

*

ஷார்ஜா
20 ஜூலை 2024

செல்விக்கு,

நீ டிக்கெட் ஆபீஸில் வேலை பார்க்கிறவள், உனக்கு இதெல்லாம் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

விமான கம்பெனியில் சாமான் ஏற்றுகிறவனுக்கு ஸ்டாஃப் டிக்கெட் உண்டு. விலையில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறின பிறகு இடம் மிஞ்சினால்தான் எனக்கு. மிஞ்சின இடத்துக்கும் சர்வீஸ்படி வரிசை. இங்கே பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டாயிற்று. குடும்பம் குடும்பமாக ஊருக்குப் போகிறார்கள். சனிக்கிழமை திருவனந்தபுரம் விமானத்தில் நான்கு இடம் மிஞ்சியது. நாங்கள் ஏழு பேர் நின்றோம். நான் ஐந்தாவது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அடுத்த கொச்சி விமானத்துக்குக் காத்திருந்தேன். கொச்சியில் இறங்கினால் ரயிலைப் பிடித்து எப்படியாவது செங்கோட்டை வந்துவிடலாம் என்று நினைத்தேன். அதில் ஒரு இடம்கூட இல்லை. மெசேஜ் தாமதமானதற்கு அதுதான் காரணம். கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது கிடைக்கவில்லை என்று எப்படி எழுதுவது?

அந்த வாரம் டிக்கெட் வாங்கியிருந்தால் போக வர நாற்பத்தைந்தாயிரம். ரூம் வாடகை, சாப்பாடு, அபர்ணாவுக்கு அனுப்புவது எல்லாம் போக என் கையில் நிற்பது அதில் கால்வாசி. ஸ்டாஃப் டிக்கெட் ஐந்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு தடவை வருகிற காசில் ஒன்பது தடவை வரலாம். இதில் நான் செய்த தப்பு என்னவென்று எனக்குப் புரியவில்லை.

திரும்பி வருவதும் இதே கதைதான். ஜனவரியில் உங்களிடம் சொல்லிக்கொண்டு கிளம்பியவன் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நம்பரை பிளாக் செய்தது சரியில்லை செல்வி. ஞாயிற்றுக்கிழமையாவது அவளிடம் பேச விடு.

மணி

*

மேலகரம்
29 ஜூலை 2024

இசக்கிமணி அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பிளாக்கை எடுத்துவிடுகிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பேசுங்கள்.

ஒன்பது தடவை வரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வந்தது ஒரு தடவை.

நாற்பத்தைந்தாயிரம் என்பது கடைசி வாரத்து விலை. காலாண்டுப் பரீட்சை முடிந்து செப்டம்பர் 28-ஆம் தேதியிலிருந்து அவளுக்கு லீவு. இன்று மத்தியானம் ஆபீஸில் பார்த்தேன். வேறொரு பட்ஜெட் விமானத்தில் போக வர பதினெட்டாயிரத்துச் சொச்சம். ஏழு கிலோ கைப்பை மட்டும். சாப்பாடு கிடையாது. தேதி மாற்ற முடியாது, ரத்து செய்தால் ஒரு பைசா திரும்ப வராது. ஆனால் சீட் உங்களுடையது. இன்னும் மூன்று வாரம் போனால் இந்த விலை இருக்காது.

வடகரையிலிருந்து ஹைருன் பீவி என்று ஒரு அம்மா எங்கள் ஆபீஸுக்கு வருவார். மகன் சவூதியில், தம்மாமில் டிரைவர். ஐந்து மாதத்துக்கு முன்னாலேயே அவனுக்கு டிக்கெட் போடச் சொல்லுவார். "இவ்வளவு முன்னாடி எதுக்கும்மா, லீவு மாறிட்டா காசு போயிருமே" என்று ஒரு தடவை நானே கேட்டேன். "போனா போவுது தாயி. அவன் எப்ப வாரான்னு தெரியாம கெடக்கதுக்கு, இந்தக் காயிதத்தக் கையில வச்சிக்கிட்டு இருக்கது நல்லாருக்கு" என்றார். எங்கள் ஓனர் உவைஸ் அண்ணாச்சி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தபோது பி.டி. டீச்சர் நிர்மலாதேவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். 13-ஆம் தேதி சிவகிரியில் ஹேண்ட்பால் போட்டி இருந்ததாம். அபர்ணா டீமில் இருந்தாளாம். "அன்னைக்கு எங்க அப்பா வாராவ டீச்சர்" என்று சொல்லிப் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டாள். அவளுக்குப் பதிலாக வேறொரு பிள்ளை போயிருக்கிறது. இவள் அன்றைக்கு வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லவில்லை.

நான் களைத்துப்போய்விட்டேன். சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

முத்துச்செல்வி

*

ஷார்ஜா
9 ஆகஸ்ட் 2024

செல்விக்கு,

ஹேண்ட்பால் விஷயத்தை வாசித்த பிறகு பத்து நாளாக எழுத முடியவில்லை. இப்போது எழுதுவதையும் அழித்து அழித்துத்தான் எழுதுகிறேன்.

ஏப்ரலில் எனக்கு சீட் கிடைத்தது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். போர்டிங் பாஸைக் கையில் கொடுத்தார்கள். அதுதான் கடைசி இடம். எனக்குப் பின்னால் கிங்ஸ்லி நின்றான். நாகர்கோவில்காரன், என் ஷிப்ட். அடுத்த நாள் காலையில் அவன் தங்கச்சிக்குக் கல்யாணம். அவன் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான், நீ போ என்று சொன்னேன். அவன் அழுதுவிட்டான். இங்கே எல்லாரிடமும் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அது நல்ல மனசு இல்லை செல்வி. வெளியே வந்து டீ குடித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை.

ஜனவரியில் ஆய்க்குடியில் நான்கு நாள் இருந்தோமே, அவள் என்னோடு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். என்னம்மா வேணும் என்றால் ஒண்ணும் வேண்டாம்பா என்பாள். கடைக்குப் போவோமா என்றால் சரிப்பா என்பாள். மூன்றாம் நாள் அடுப்படியில் அக்காவிடம், "எங்க அம்மா எப்ப வந்து கூட்டிட்டுப் போவாவ அத்தை?" என்று கேட்டாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் கவுண்டரில் நிற்கும்போது, கிடைக்க வேண்டும் என்றும் இருக்கும், கிடைக்காவிட்டால் தேவலை என்றும் இருக்கும். சீட் இல்லையென்றால் அது விமானத்தின் குற்றம். என் குற்றம் இல்லை.

ஜூலையில் நிஜமாகவே கிடைக்கவில்லை. மே மாதமும் அப்படித்தான். நீ நம்பாமல் போனாலும் நான் கேட்க முடியாது.

டிக்கெட்டை நீயே போடு. பணம் அனுப்பியிருக்கிறேன். மாற்ற முடியாத டிக்கெட்டாகவே போடு.

மணி

*

தென்காசி
14 ஆகஸ்ட் 2024

அபர்ணா அப்பாவுக்கு,

டிக்கெட் போட்டாயிற்று. செப்டம்பர் 28, சனிக்கிழமை. காலை பத்தே முக்காலுக்குத் திருவனந்தபுரத்தில் இறங்கும். அக்டோபர் 3, வியாழக்கிழமை திரும்புகிறீர்கள். டிக்கெட் நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு ஒரு தடவை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிறந்த தேதியை எதையும் பார்க்காமலே அடித்துவிட்டேன். அதற்காக என் மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது. "யாருக்கும்மா இது?" என்று உவைஸ் அண்ணாச்சி கேட்டார். அபர்ணா அப்பாவுக்கு என்றேன். அவர் டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

ஏப்ரலில் நடந்ததை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கும் இவள் காத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் நீங்கள் சொன்னது நல்லது. இத்தனை வருடத்தில் உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று நீங்கள் ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை.

ஜனவரியில் ஆய்க்குடியிலிருந்து திரும்பி வந்ததும் அபர்ணா என்னிடம் சொன்னதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். "அப்பா என்கிட்ட பேசவே இல்லம்மா. போனையே பாத்துக்கிட்டு இருந்தாவ." இதைத்தான் சொன்னாள்.

டிக்கெட்டை அவளிடம் காட்டினேன். "இதுலயும் கடைசியில சீட் இல்லன்னு சொல்லுவாங்களா?" என்றாள். சொல்ல மாட்டார்கள் என்றேன். மடித்து சமூக அறிவியல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். பெரிதாகச் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. அதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

முத்துச்செல்வி

*

ஷார்ஜா
17 செப்டம்பர் 2024

செல்விக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எங்கள் பிரிவில் மூன்று பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். சரக்கு கூடிவிட்டது. அக்டோபர் 10 வரை யாருக்கும் லீவு கிடையாது என்று நேற்று நோட்டீஸ் போட்டுவிட்டார்கள். என் லீவை ஆகஸ்டிலேயே எழுதிக் கொடுத்தேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றார்.

டிக்கெட் காசு போனதுதான். அதைப் பற்றி நான் பேசவில்லை. பத்தாம் தேதிக்குப் பிறகு கூட்டம் குறைவாக இருக்கும், ஸ்டாஃப் டிக்கெட்டில் வந்துவிடலாம். இந்தத் தடவை கட்டாயம் கிடைக்கும். அபர்ணாவிடம் நீ கொஞ்சம் பக்குவமாகச் சொல்.

மணி

*

தென்காசி
18 செப்டம்பர் 2024

நான் சொல்ல மாட்டேன்.

இந்த வருடம் முழுக்க உங்களுக்குப் பதிலாக நான்தான் அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்கிறவள் நான். என்னால் இதற்கு மேல் முடியாது.

உங்கள் நம்பரை எல்லா நாளும் திறந்துவிட்டேன். எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வேன் வரும். அதற்கு முன்னால் கூப்பிட்டு நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.

முத்துச்செல்வி

*

ஷார்ஜா
6 அக்டோபர் 2024

செல்விக்கு,

வந்து சேர்ந்து மூன்று நாள் ஆகிறது. வந்த அன்றே டியூட்டியில் ஏறிவிட்டேன். ஆய்க்குடிக்குக் கிளம்பும்போது அபர்ணாவின் பையை என் கையில் கொடுத்துவிட்டு நீ உள்ளே போய்விட்டாய். அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். ஹலோ என்பதற்கு முன்னாலேயே, "அப்பா, லீவுலயும் டீச்சர் பிராக்டிஸ் வச்சிருக்காவ. நீங்க வார சனிக்கிழமை நான் கிரவுண்டுலதான் இருப்பேன். அங்கன வந்துருவீங்களா?" என்றாள். வந்துருதேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு வேறு வழி இல்லை.

கிங்ஸ்லி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "லேய் மணி, நீ போ. ஒன் டியூட்டிய நான் பாத்துக்கிடுதேன்" என்றான். ஐந்து நாளும் இரண்டு ஷிப்ட் பார்த்தான். சூப்பர்வைசர் ஒத்துக்கொண்டார், என் டிசம்பர் லீவை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு.

ஏர்போர்ட்டில் பழக்க தோஷத்தில் ஓரமாக ஒதுங்கி நின்றேன். வரிசை எல்லாம் போய் முடிந்தது. கவுண்டரில் இருந்த பெண் கூப்பிட்டு, ஏன் அங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாள். டிக்கெட்டைக் காட்டினேன். "இது உறுதியான டிக்கெட்தானே, முதலிலேயே வந்திருக்கலாமே" என்றாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். ஆனாலும் உட்கார்ந்துகொண்டு தாமதமாவது வேறு.

கிரவுண்டில் அவள் என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஆடப் போய்விட்டாள். முடிந்ததும் வந்து, "வந்துட்டீங்களாப்பா" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அவ்வளவுதான்.

ஆய்க்குடியில் போனை அக்காவிடம் கொடுத்து வைத்துவிட்டேன். பேச எனக்கு வேறு என்ன தெரியும்? வேலையைப் பற்றிச் சொன்னேன். கோழிக்குஞ்சு பெட்டி பெட்டியாக வரும், ஒரு தடவை பந்தயக் குதிரை வந்தது என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "பொணமும் வருமாப்பா?" என்றாள். வரும் என்றேன். "யாரு ஏத்துவா?" நாங்கள்தான் என்றேன். "அதுக்கும் எடம் கெடைக்காமப் போவுமா?" என்றாள். அதற்கு எப்படியாவது இடம் கொடுத்துவிடுவார்கள் என்றேன். அப்புறம் நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஐந்தருவிக்குப் போன அன்று தண்ணீர் நன்றாக விழுந்தது. பெண்கள் பக்கம் அக்காவோடு அனுப்பிவிட்டுத் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். உதடெல்லாம் நீலமாக நடுங்கிக்கொண்டு வந்தவள், "இன்னொரு தடவ போட்டுமாப்பா?" என்று கேட்டு ஓடினாள். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். தூங்கவில்லை. அப்போதுதான் சொன்னேன். "ஏப்ரல்ல எனக்கு சீட் கெடச்சிச்சும்மா. நான்தான் வரல."

தலையை எடுக்காமலே, "ஏம்பா?" என்றாள்.

"பயமா இருந்துச்சு."

"என்னையப் பாக்கவா?"

ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தென்காசி நெருங்கும்போது, "நான் ஒண்ணுஞ்செய்ய மாட்டேன்லா" என்றாள்.

டிசம்பரில் வர முடியாது, இனி ஏப்ரல்தான் என்பதையும் நானே அவளிடம் சொல்லிவிட்டேன். பரீட்சை எப்போது முடியும் என்று அவளிடம் கேட்டுக்கொண்டு டிக்கெட் போடு.

மணி

*

தென்காசி
9 அக்டோபர் 2024

அபர்ணா அப்பாவுக்கு,

ஏப்ரல் மாதத்துக்கு இன்னும் விலை இறங்கவில்லை, உவைஸ் அண்ணாச்சி தீபாவளி கழியட்டும் என்கிறார். நான் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். லீவை இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள். கிங்ஸ்லியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் போன அன்று அவள் சாதாரணமாகத்தான் இருந்தாள். ஆய்க்குடியில் அத்தை பண்ணின மீன்குழம்பைப் பற்றிச் சொன்னாள், குதிரை கதையைச் சொன்னாள். வெள்ளி, சனி, ஞாயிறும் அப்படித்தான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. சாயங்காலம் வந்தவள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று தெரிந்தது. யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். மார்க் குறைந்துவிட்டதா என்றேன். அதுவும் இல்லை.

"பின்ன என்னட்டி?"

"அப்பா போயிட்டாவல்லா."

நீங்கள் வராமல் போன மூன்று தடவையும் அவள் அழவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, பிள்ளை தாங்கிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் முதல் தடவையாக உங்களுக்காக அழுகிறாள். நீங்கள் வந்துவிட்டுப் போனதால் அழுகிறாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதுகில் கையை வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கட்டும் என்று சும்மா இருந்தேன்.

முத்துச்செல்வி